பூதத்துக்கு உலை வைத்த அண்ணிக்கு

என் அன்பு அண்ணிக்கு,

முதலில் வீட்டு நிலவரம். மாடியில் காயப் போட்ட வடகத்தை இந்த வருடமும் மயில்கள் தின்று தீர்த்துவிட்டன. உங்கள் ஸ்கூட்டரை அண்ணன் தினமும் காலையில் ஸ்டார்ட் செய்கிறார், கொஞ்ச நேரம் ஓடவிடுகிறார், பிறகு அணைத்துவிட்டுக் கடைக்கு நடந்தே போகிறார். அண்ணனின் பக்கத்துக் கடை ஆரோக்கியம் தன் பஞ்சர் கடைக்குப் புது கம்ப்ரசர் வாங்கியிருக்கிறான். விராலிமலை வழியாகப் போகிற லாரிக்காரர்கள் எல்லாம் தன்னைத்தான் தேடி வருகிறார்கள் என்று பீற்றிக்கொள்கிறான். உங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் புது டீச்சர் வந்துவிட்டார். பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் உங்களைச் சொல்லி, பாவம், அந்தப் பெண்ணைப் பாடாய்ப் படுத்துகிறார்களாம்.

இதற்காக மட்டும் நான் எழுத உட்காரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒன்று நடந்தது. அந்த மலைப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை. ஆபீசில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று நினைவுக்கு வந்து கை நின்றுவிடுகிறது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். சொன்னால் உடனே புரிந்துகொள்ளும் ஆள் நீங்கள் ஒருவர்தான்.

இதைப் படிக்கப் போகிற மற்றவர்களுக்காக நம் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது கூடத் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ் நண்பரிடம் கற்றுக்கொண்டு வந்தது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் நடமாடுவோம். எதிரே மூன்று திருடர்கள் வருகிறார்கள், என்ன செய்யப்போகிறீர்கள் என்று கதை சொல்பவர் கேட்பார். ஓடலாம், அடிக்கலாம், பேசிப் பார்க்கலாம். நினைத்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை சொல்லும். தொடங்கும்போது ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் பாயிண்ட் கிடைக்கும். அதைப் பலம், வேகம், குறி, அறிவு என்று பங்கு போட்டு நம் ஆளை நாமே உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

அந்தப் பங்கு போடுவதில்தான் சாமர்த்தியம் எல்லாம் இருக்கிறது என்று நான் நினைத்தேன். என் பிழைப்பே அதுதானே. கம்பெனியில் எந்த மெஷினில் எந்த வேலையை எப்போது ஏற்றினால் ஒரு நிமிடம்கூட வீணாகாது என்று திட்டம் போட்டுக் கொடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால் நான் உருவாக்கிய வஞ்சி என்ற வில்லாளிக்குக் குறியிலும் வேகத்திலுமே எல்லாவற்றையும் கொட்டினேன். தூரத்தில் நின்று அடிப்பவளுக்குப் பலம் எதற்கு? அதில் ஒன்றுகூடப் போடவில்லை. ஆரோக்கியம் யோசிக்காமல் மொத்தத்தையும் பலத்தில் போட்டு, பெரிய வாளோடு வந்து நின்றான். ஒரு மருத்துவச்சி மட்டும் கூட இருந்தால் நம்மை அசைக்க ஆள் கிடையாது என்று கணக்குப் போட்டு, அந்த வேடத்தை உங்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

நீங்களோ பொன்னாத்தாவை அழைத்து வந்தீர்கள். முதுகில் பெரிய அண்டாவைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக நடக்கும் சமையல்காரி.

“ஆயுதம்?” என்று கேட்டேன்.

“கரண்டி இருக்குல்ல.”

“கரண்டிய வச்சு என்ன அண்ணி செய்யிறது?”

“கெளறுறது.”

ஆரோக்கியம் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அண்ணன் சிரிக்கவில்லை. சமையல் என்று ஒரு திறமை விதிகளில் கிடையவே கிடையாது. “சரி, புதுசா ஒண்ணு சேத்துக்குவோம்” என்று சொல்லி, உங்கள் பாயிண்ட் அத்தனையையும் அதில் போட்டுக்கொடுத்தார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. அந்த அண்டாவின் கனத்தால் நம் மூன்று பேரின் நடையும் பாதியாகக் குறைந்தது. எந்த ஊருக்குப் போனாலும் எதிரி நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தான்.

முதல் ஆட்டமே நினைவிருக்கிறதா? காட்டுக்குள் திருடர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நெருப்பு, அதன் அருகில் அவர்கள் கொள்ளையடித்த மூட்டை. இதைவிட நல்ல சமயம் ஓர் ஆட்டக்காரருக்கு வாய்க்காது. நான் அம்பைத் தொடுத்துவிட்டேன். அப்போது உங்கள் முறை வந்தது. பொன்னாத்தா நேராக நடந்து போய்த் தலைவனின் தோளைத் தட்டி எழுப்பினாள்.

“எழுப்பி என்ன செய்யிற?” என்று அண்ணன் கேட்டார்.

“சாப்ட்டீங்களான்னு கேக்குறேன்.”

“அண்ணி, அவங்க திருடங்க!” என்று கத்தினேன்.

“இருந்துட்டுப் போகட்டும். வழியில ஒருத்தரப் பாத்தா அதக் கேக்காம வேற எதக் கேக்குறது?”

நம் ஊரில் வேறு யாராக இருந்தாலும் வாயில் முதலில் வருவது அந்தக் கேள்விதான், ஒத்துக்கொள்கிறேன். பில் வசூலிக்க வருகிறவரிடமும் கேட்போம், சண்டை போட வந்த பங்காளியிடமும் கேட்போம். ஆனால் வாளை உருவிக்கொண்டு எழுகிற திருடனிடம், அதுவும் நம் முறையை வீணாக்கி, யாராவது கேட்பார்களா? அண்ணன் பகடையைக் கீழே வைத்துவிட்டு உங்களைப் பார்த்தார். பிறகு திருடன் குரலில், “நேத்துலேருந்து இல்ல” என்றார்.

அந்த ஒரு பதிலில் கதை வேறு திசைக்குத் திரும்பியது. அந்தத் திருடர்களுக்கு ஓர் ஊர் இருந்தது. அந்த ஊர்க் கண்மாயின் மடை உடைந்திருந்தது. உடைத்தவன் யார் என்று தேடிப் போனால் அங்கே இன்னொரு கதை. மாதக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. என் அம்பு பாய்ந்திருந்தால் பத்து நிமிடத்தில் மூட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்போம். அந்த ஊர் இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது.

எப்போதும் அப்படி நல்லபடியாக முடிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு மந்திரவாதி உங்கள் சோற்றைச் சப்புக்கொட்டித் தின்றுவிட்டு, கை கழுவிய கையோடு பொன்னாத்தாவின் கண்ணைக் குத்தினான். பகடை அப்படி விழுந்தது. மறுபடி உருட்டிக்கொள்ளச் சொல்லி நான் அண்ணனிடம் உங்களுக்காகச் சண்டை போட்டேன். நீங்கள் சம்மதிக்கவில்லை. “விடுடி கலை, ஒத்தக் கண்ணுலயும் உப்பு பாத்துப் போடலாம்” என்றீர்கள்.

அந்தக் கோபத்தில்தான் அன்றைக்கு உங்களிடம் நேராகக் கேட்டேன். வஞ்சி அடித்திருந்தால் நூற்றுக்கு அறுபத்தைந்து தரம் அவன் செத்திருப்பான் என்று சொன்னேன்.

“எழுவது” என்றீர்கள், வெங்காயம் உரித்துக்கொண்டே. “ஏழோ அதுக்கு மேலயோ விழுந்தாப் போதும். நீ ஏழ விட்டுட்டு எண்ணியிருக்க.”

நீங்கள் கணக்கு டீச்சர் என்பதை நான் எப்படி மறந்தேன்? என்னைவிட வேகமாக, என்னைவிடச் சரியாக, ஒவ்வொரு முறையும் உங்கள் மனதுக்குள் அந்தக் கணக்கு ஓடியிருக்கிறது. எது லாபம் என்று நன்றாகத் தெரிந்துகொண்டே அதை விட்டுவிட்டு வேறு பக்கம் நடந்திருக்கிறீர்கள். விவரம் தெரியாமல் ஆடுகிறார் என்று இத்தனை நாள் உங்களுக்குச் சலுகை கொடுத்துக்கொண்டிருந்தவள் நான்.

“தெரிஞ்சுக்கிட்டே ஏன் அண்ணி?”

“அம்பு விட்டா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். ஒனக்கும் தெரியும். சோறு போட்டா என்ன நடக்கும்னு ஒங்க அண்ணனுக்கே தெரியாது. அவரு முழிக்கிறதப் பாக்கணும்ல.”

அதற்குப் பிறகு நான் பகடையைப் பார்ப்பதைவிட அண்ணனைப் பார்ப்பது அதிகமாயிற்று. நீங்கள் எதையாவது கிறுக்குத்தனமாகச் செய்வீர்கள். அவர் திடுக்கிடுவார், உங்களை முறைப்பார், தலையைச் சொறிவார். பிறகு அவர் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் வரும். அதுவரைக்கும் இல்லாத ஓர் ஆறு, ஒரு சந்தை, ஒரு கிழட்டு ராஜா, எங்கிருந்தோ வந்து மேசையில் இறங்கும். நாள் முழுக்கக் கடையில் எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டிக்கொண்டு, வாடிக்கையாளரிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதரா இவர் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்தும் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இப்படி ஒருவரை ஒருவர் திகைக்க வைக்க முடியுமா? எனக்கு அது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அப்புறம் உங்களுக்கு உடம்புக்கு வந்தது.

திருச்சியில் டாக்டர் உட்கார வைத்து ஒவ்வொரு வழியாக விளக்கியபோது நான் நோய்க்குப் பயந்ததைவிட உங்களுக்குத்தான் அதிகம் பயந்தேன். இந்த மனுஷி இங்கேயும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால் என்ன செய்வது? ஆனால் நீங்கள் ஒரு பேனாவை வாங்கிக்கொண்டு, எந்த மருந்துக்கு எவ்வளவு பலன், எவ்வளவு பக்கவிளைவு என்று டாக்டரையே குடைந்தீர்கள். எது அதிக நாள் தருமோ அதைத் தேர்ந்தெடுத்தீர்கள். மாத்திரை ஒரு வேளை தவறவில்லை. வாய் புண்ணாகி எச்சில் விழுங்க முடியாத நாளிலும் சத்துக் கஞ்சியைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்து முடித்தீர்கள். நான் போட்டுக் கொடுத்திருந்தால்கூட அவ்வளவு கச்சிதமான திட்டம் வந்திருக்காது.

திரும்பி வரும்போது, டோல்கேட்டில் கார் நின்றிருந்தபோது கேட்டேன். “அண்ணி, இது பொன்னாத்தா மாதிரி இல்லையே?”

“அங்கிட்டு தோத்தா வேற ஆளு செஞ்சுக்கிட்டு வந்துரலாம் கலை. இங்கிட்டு தோத்தா ஒங்க அண்ணன் தனியாவுல்ல இருப்பாரு.”

முன்சீட்டில் இருந்த அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. காதில் விழுந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எதை வீணாக்கலாம், எதை ஒரு துளிகூட வீணாக்கக் கூடாது என்று இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்திருந்த ஒருவரை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. விளையாட்டில் தாராளமாகத் தோற்றுக்கொண்டே, இங்கே ஒவ்வொரு மூச்சுக்கும் போராடினீர்கள். எல்லாவற்றையும் சரியாகச் செய்தீர்கள், அண்ணி. சரியாகச் செய்தும் கைவிட்டுப் போகும் என்று அந்தப் பகடை எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காட்டியிருந்தது. அப்படியும் அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கடைசி ஆட்டத்தை நீங்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, நாற்காலியில் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டு ஆடினீர்கள். சூரியன் உதிக்காமல் போன ஒரு நாட்டுக்காக, மலைக் குகைக்குள் இருக்கும் அணையாத விளக்கை எடுத்துவர வேண்டும். அண்ணன் அந்தக் குகையை வர்ணித்தபோதே, நார்த்தாமலைப் பாறையை மனதில் வைத்துத்தான் சொல்கிறார் என்று தெரிந்தது. கல்யாணமான புதிதில் நீங்கள் இரண்டு பேரும் போன இடமாயிற்றே. விளக்கை எடுத்துவிட்டோம். வாசலில் பாறை இறங்கத் தொடங்கியது. ஆரோக்கியத்தின் வீரன் அதைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றான். எல்லோரும் வெளியேற இன்னும் ஒரு முறை ஆட்டம் மிச்சம் இருந்தது, அது போதும். அப்போது உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பூதம் விழித்தது.

பொன்னாத்தா அண்டாவை முதுகிலிருந்து இறக்கி வைத்தாள்.

“நீங்க போங்க. அது எத்தன காலமா உள்ளயே கெடக்கோ. நான் ஒலைய வச்சுட்டு வாரேன்.”

“பாறை விழுந்துருச்சுன்னா தெறக்குறது கஷ்டம்” என்றார் அண்ணன். அவர் அப்படி முன்கூட்டியே யாரையும் எச்சரித்து நான் கேட்டதில்லை.

“தெரியும்ங்க.”

“நெசமாவே உள்ள இருக்கியா?”

“நெசமாத்தான்.”

பாறை விழுந்தது. நானும் ஆரோக்கியமும் விளக்கோடு வெளியே நின்றோம். நீங்கள் களைத்துப் போயிருந்ததால் மிச்சத்தை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணன் சொன்னார். நீங்களும் தலையாட்டிவிட்டுப் படுக்கப் போனீர்கள். அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பவில்லை.

தெரிந்துதான் அப்படிச் செய்தீர்களா, அண்ணி? அல்லது வழக்கம்போல அண்ணன் முழிப்பதைப் பார்க்கத்தானா?

நீங்கள் போன பிறகு அண்ணன் அந்தப் பகடையைத் தொடவில்லை. அழவும் இல்லை. கடைக்குப் போனார், வந்தார், போட்டதைத் தின்றார், உங்கள் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நான் எது கேட்டாலும் ஒரே வார்த்தையில் பதில் வரும். ஆரோக்கியம் இரண்டொரு தரம், “அண்ணே, ஒரு நா ஒக்காருவமா?” என்று கேட்டுப் பார்த்தான். “அவ உள்ள இருக்காளேப்பா” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் கதையை முடிக்க வேண்டுமென்றால் பொன்னாத்தா பிழைத்தாளா செத்தாளா என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். அதற்கு அவரால் முடியவில்லை. சொல்லாமல் வைத்துக்கொண்டே இந்த மனுஷன் கல்லாக இறுகிவிடுவாரோ என்று எங்களுக்குப் பயம் வந்துவிட்டது.

எனக்குத்தான் திட்டம் போடாமல் இருக்கத் தெரியாதே. உங்கள் வருடத் திதி முடிந்த மறுவாரம் அவரிடம் போய், குகைக்குப் பின்வழி ஒன்று இருந்ததாக வைத்துக்கொள்வோம், பொன்னாத்தா அதன் வழியாக வெளியேறி ஏதோ ஓர் ஊரில் சாப்பாட்டுக்கடை வைத்துச் சௌக்கியமாக இருப்பதாகச் சொல்லி முடித்துவிடலாம் என்றேன். யாருக்கும் வலிக்காத வழி அதுதான் என்று எனக்குப் பட்டது.

“பொய் சொல்லச் சொல்றியாத்தா?”

“கதையே பொய்தானேண்ணே.”

“அது வேற” என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் நான் தட்டுகளை எடுத்துப் போய்க் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அண்ணன் மேசையைத் துடைத்து, பழைய காலண்டர் அட்டையைத் தன் கதைக் குறிப்புகளை மறைக்கும் தடுப்பாக நிறுத்தி, பகடையை எடுத்து வைத்திருந்தார். ஆரோக்கியத்துக்குப் போன் போட்டு வரச் சொல்லியும் இருந்தார். அவன் கையில் கிரீஸோடு ஓடிவந்தான்.

“பாறை மூடியிருக்கு” என்று ஆரம்பித்தார். “வெளியில நீங்க ரெண்டு பேரும். கையில வெளக்கு இருக்கு. கீழ போற பாதையில யாரும் இல்ல. வஞ்சி, என்ன செய்யிற?”

என்ன செய்ய வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. விளக்கு கிடைத்துவிட்டது, ஒரு நாடே இருட்டில் காத்திருக்கிறது, பாதை திறந்திருக்கிறது. விதிகளைப் படித்த எந்த ஆட்டக்காரரும் இறங்கிப் போய்விடுவார். நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவரும் நான் அதைத்தான் சொல்லப்போகிறேன் என்று நினைத்துத் தன்னைத் தயார்ப்படுத்திக்கொண்டிருந்தார்.

“பாறையத் தள்ளுறேன்” என்றேன்.

“நீயா? ஒனக்குப் பலமே இல்லையே.”

“தெரியும்ணே.”

உருட்டினேன், வேண்டிய எண் விழவில்லை. பாறையிலிருந்து ஒரு கல் உருண்டு வஞ்சியின் கால் நசுங்கியது. மறுபடி தள்ளுகிறேன் என்றேன். மறுபடியும் விழவில்லை. ஆரோக்கியம் வாளைப் போட்டுவிட்டு வந்து சேர்ந்தான். இரண்டு பேரும் தள்ளினோம், உருட்டினோம், அடிபட்டோம். தோற்கும் என்று தெரிந்த பகடையை நான் வாழ்க்கையில் முதன்முதலாக உருட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தரமும் அது கையைவிட்டுப் போகும்போது எனக்கு ஏற்பட்ட உணர்ச்சியை எப்படிச் சொல்வது? பயமாகவும் இருந்தது, நெஞ்சு விரிந்தது போலவும் இருந்தது. இதைத்தான் ஒவ்வொரு ஞாயிறும் வெங்காயம் உரித்துக்கொண்டே அனுபவித்தீர்களா? கடைசியில் ஆரோக்கியம் உருட்டியது பத்தொன்பதில் நின்றது. பாறை நகர்ந்தது.

“உள்ள...” என்றார் அண்ணன். அவ்வளவுதான். காலண்டர் அட்டையையும் பகடையையும் அப்படியே என் பக்கம் நகர்த்தினார்.

“நீ சொல்லுத்தா. என்னால ஆகல.”

எழுந்து மேசையைச் சுற்றி வந்து உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் போய் அவர் இடத்தில் உட்கார்ந்தேன்.

“நான் உள்ள போறேன்” என்றார்.

“யாராண்ணே போறீங்க?” என்று ஆரோக்கியம் கேட்டான். “பேரு வேணும், பாயிண்ட் போடணும், ஒரு ஆயுதமாச்சும் வேணும்ல.”

“ஒண்ணும் வேணாம். நானாவே போறேன்.”

அண்ணி, எத்தனையோ மோசமான ஆட்டக்காரர்களை வைத்து அந்த விளையாட்டு நடந்திருக்கும். பலம் இல்லை, வேகம் இல்லை, குறி இல்லை, கையில் ஒரு குச்சிகூட இல்லை. லுங்கியும் பனியனும் போட்ட, சர்க்கரை நோய் உள்ள, காயில் கட்டுகிற ஒருவர் பூதத்தின் குகைக்குள் நடந்து போகிறார். இதைவிடத் தவறான தேர்வு யாராலும் செய்ய முடியாது. என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

“உள்ள போயி என்ன செய்யிறீங்க?” கேட்க வேண்டியது என் கடமை, கேட்டேன்.

“அவ பக்கத்துல ஒக்காருறேன்.”

“சரி. அடுத்த முறைக்கு?”

“ஒக்காந்துருக்கேன்.”

“அதுக்கடுத்து?”

“ஒக்காந்தே இருக்கேன்த்தா.”

ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பவரை விதிப்படி பூதம் அடிக்க வேண்டும், நான் உருட்ட வேண்டும். பகடை என் முன்னால் கிடந்தது. நான் அதைத் தொடவில்லை. என் வாய் தானாகப் பேசத் தொடங்கியது. உள்ளே ஈரப் பாறை வாசனை அடிக்கிறது என்றேன். விறகு கொஞ்சம் பச்சை, அதனால் புகை என்றேன். உலை கொதிக்கிறது, பூதம் சுவரோரமாகக் குத்தவைத்து அண்டாவையே பார்த்துக்கொண்டிருக்கிறது என்றேன். எங்கிருந்து வந்தது இதெல்லாம்? நான் எந்தத் திட்டமும் போடவில்லையே. அண்ணன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைத் திறக்காமலேயே கேட்டார்.

“அவ என்ன சொல்றா?”

உங்கள் வாயால் நான் எதைச் சொல்ல? ஆறுதல் சொன்னால் அது நீங்கள் இல்லை. தத்துவம் பேசினால் அண்ணன் எழுந்து போய்விடுவார். ஆரோக்கியம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் நீங்கள் நிமிர்ந்து உங்கள் வீட்டுக்காரரை மேலும் கீழும் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. சத்தியமாகத் தெரிந்தது.

“‘இம்புட்டு தூரம் வெறுங்கையோடயா வந்தீங்க?’ன்னு கேக்குறா.”

அண்ணன் சிரித்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு, வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது உடைந்து அழுகையாகிவிட்டது. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ஆரோக்கியம் தானும் அழுதுகொண்டே, கிரீஸ் கையென்றும் பாராமல் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். வெகுநேரம் கழித்து அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“ஆமான்னு சொல்லு அவகிட்ட” என்றார்.

சொல்லிவிட்டேன், அண்ணி. அங்கேயும் சொன்னேன், இதோ இங்கேயும் சொல்கிறேன்.

பொன்னாத்தா பிழைப்பாளா என்று அவர் கேட்கவில்லை. நானும் உருட்டிப் பார்க்கவில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது, குழம்பில் உப்புக் குறைவு என்று என்னைத் திட்டினார். முழுதாக ஒரு வாக்கியத்தில் திட்டினார். மறுநாள் காலையில் உங்கள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

நான் இத்தனை நாள் உங்கள் தைரியத்தை மட்டும் பார்த்து அசந்து போயிருந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் மறுபாதி தெரிகிறது. உலகத்தில் யாரும் செய்யாத ஒன்றை நீங்கள் செய்யும்போதெல்லாம், அது கூடாது என்று சொல்லாமல், அதற்கென்று ஓர் ஊரையும் கண்மாயையும் உண்டாக்கிக் கொடுக்க ஒருவர் எதிரே இருந்திருக்கிறார். எவ்வளவு பெரிய காரியம் அது! இப்போது அவர் உங்கள் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே நான்தான் இருக்கிறேன்.

ஆகவே உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அண்ணன் எதைத் தேர்ந்தெடுத்தாலும் லாப நஷ்டக் கணக்கு பார்க்க மாட்டேன், இது சரியில்லை என்று சொல்ல மாட்டேன். அவர் அந்தக் குகைக்குள் உங்கள் பக்கத்தில் எவ்வளவு காலம் உட்கார நினைக்கிறாரோ உட்காரட்டும். எழுந்து வெளியே வரத் தோன்றுகிறபோது வரட்டும். அதுவரைக்கும் வாசலில் அந்தப் பாறையை நான் விழவிட மாட்டேன்.

உங்களை இன்னும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்
உங்கள் நாத்தனார்,
கலையரசி